முழங்காலுக்கு நாலு விரல் கீழே

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், பத்துக்கு எட்டு அறை ஒன்றில் அவளுடைய தையல் கடை இருந்தது. சட்டை, பாவாடை என்று புதிதாக எதையும் அவள் தைப்பதில்லை. மலையிலிருந்து கிழிந்து வருவதை மட்டும் தைப்பாள். முதுகுப்பை, கூடாரம், மழைக்கோட்டு, கால்சட்டை. அதிலும் ஜிப் என்றால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பல் போன ஜிப், வாய் மூடாத ஜிப், பாதியில் முரண்டு பிடிக்கும் ஜிப், எதுவாக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். அதனால் ஊர் முழுக்க அவள் ஜிப்பக்கா. அறுபது வயதுக்காரர்களுக்கும் அக்காதான். பஸ் ஓட்டும் அவள் கணவரே கடைக்குப் போன் செய்தால், "ஜிப்பக்கா இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கடை போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியும் அவள் மலையில் ஏறியதில்லை. ஆனால் துணியை வைத்தே மலையில் நடந்ததைச் சொல்லிவிடுவாள். பின்பக்கம் தேய்ந்திருந்தால் ஆள் சறுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார். கணுக்காலின் உட்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால், பனியில் நடக்கப் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள் அவருடைய இன்னொரு காலைக் குத்தியிருக்கிறது. கூடாரத்தில் வட்டமாகப் பொசுங்கியிருந்தால் உள்ளே அடுப்பு பற்ற வைத்திருக்கிறார்கள். கேட்டால் சத்தியமாக இல்லை என்பார்கள்.

ஒரே ஒரு கிழிசல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. இடது கால்சட்டை, வெளிப்பக்கம், முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே. ஒரு விரல் நீளம், சாய்வாக. முள்ளில் மாட்டினால் நூல் இழுபடும், பாறையில் உரசினால் துணி பஞ்சு பஞ்சாகும். இது அப்படியில்லை. கத்தரி வைத்தது போலச் சுத்தமான வெட்டு. உச்சிவரை போய் வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கிழிசலோடு வந்தார்கள். எங்கே கிழிந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "கீழ வந்தப்புறம்தான் பாத்தேன்" என்பார்கள். ஒட்டுப்போடும்போது வெட்டி எடுக்கும் விளிம்புத் துண்டுகளை அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

ஏழு முறை உச்சி தொட்ட ஓர் ஆள் ஒருநாள் வந்தார். அதே கால், அதே இடம். துணியைத் திருப்பிப் பார்த்தவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கிழிந்திருந்தது துணியல்ல, போன வருடம் அவள் போட்ட ஒட்டு. இரட்டைத் துணி வைத்து, தடித்த நூலில், குறுக்கும் நெடுக்குமாக மூன்று ஓட்டு ஓட்டியிருந்தாள். அதையும் வெட்டியிருந்தது.

"என் தையலையே கிழிச்சிருக்கே" என்றாள் அவரிடம், ஏதோ அவர்தான் வேண்டுமென்று செய்தது போல.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் வேறு பேச்சாகத்தான் தங்கையைப் பற்றி எடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சைப் பிரிவு நர்ஸ் அவள். தோழியோடு ஐந்து நாள் மலையேறப் பதிவு செய்திருந்தாள், தோழிக்குக் கால் சுளுக்கிவிட்டது, ஓர் இடம் காலியாக இருக்கிறது.

"நான் போறேன்" என்றாள் ஜிப்பக்கா.

அவர் கை தட்டிலேயே நின்றது. "கிழிஞ்சதைத் தைக்கறவ நீ. எங்க கிழியுதுன்னு உனக்கெதுக்கு?"

"ஏங்க, தினமும் ஒரே வளைவுல உங்க பஸ் டயர் பஞ்சரானா, ஒருநாளாவது இறங்கிப் பாக்க மாட்டீங்க?"

"உனக்கு நாப்பத்தி நாலு வயசு" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆறு வாரம், தினமும் காலையில் பக்கத்துக் கட்டடத்தின் நாலு மாடியைப் பத்துத் தடவை ஏறி இறங்கினாள். தனக்கென்று அடர்பச்சையில் ஒரு கால்சட்டை தைத்தாள். இடது முழங்காலுக்குக் கூடுதல் துணி எதுவும் வைக்கவில்லை. சோதனை என்றால் சோதனைதான்.

நாத்தனாரோடு அவளுக்குச் சண்டை ஏதும் கிடையாது. பழக்கமும் கிடையாது. ஊரின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவள். நல்லது கெட்டதில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா அண்ணி?" "சாப்பிட்டேம்மா, நீ?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பதினாறு வருடம் அப்படியே போயிருந்தது.

சாலை முடியும் இடத்தில் வழிகாட்டி காத்திருந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. பார்த்தவுடனே "மெதுவா" என்றார். நடக்கத் தொடங்கியதும் "மெதுவா, மெதுவா". அவர் பெயரே மெதுவா என்று ஆகியிருந்தது, அதற்கு அவரும் திரும்பிப் பார்ப்பார். முதல்நாள் முழுக்கக் காடு. நாத்தனார் மணிக்கு ஒருமுறை நின்று, விரலில் கவ்வும் சின்னக் கருவியை எடுத்து, மூன்று பேருக்கும் மாட்டி, நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். ஜிப்பக்கா இடதுபக்கம் வந்த ஒவ்வொரு பாறையையும் குனிந்து தடவிப் பார்த்தாள்.

மெதுவா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

அவள் பையிலிருந்து மூன்று துண்டுத் துணிகளை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். "பதினெட்டு வருஷமா ஏறறேன். என் கால்சட்டை இப்படிக் கிழிஞ்சதே இல்லையே."

இது அவளைக் குழப்பியது. வழி எல்லோருக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் கல்லில் இல்லையா விஷயம்?

இரண்டாம் நாள் ஆற்றின் மேல் தொங்குபாலம். கைப்பிடிக் கம்பியில் பிரிந்த முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் தன் மூன்று துண்டில் ஒன்றை அதில் இழுத்துப் பார்த்தாள். நூல்தான் உருவிக்கொண்டு வந்தது. கம்பி இல்லை. பாலம் தாண்டி முட்புதர். அதிலும் இழுத்துப் பார்த்தாள். முள்ளும் இல்லை. நாத்தனார் பாலத்தின் நடுவில் நின்று, "அண்ணி, வாங்க, பாலம் ஆடுது!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மதியம் கல்வீட்டில் தங்கல். மரங்கள் முடிந்து, புதர்களும் முடிந்து, புல் மட்டும் இருந்தது. இனிக் கூடவே வரப்போகிற சமையல்காரர் ஒருவர் அவர்களுக்கு முன்பே வந்து டீ போட்டுக்கொண்டிருந்தார். ஜிப்பக்கா டம்ளரைப் பயந்து பயந்து வாயில் வைத்தாள். நினைத்த அளவுக்குச் சுடவில்லை.

"கொதிக்கலையா?"

"கொதிச்சதுதான்" என்றார் அவர். "மேல போகப் போக தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும். கீழ மாதிரி அவ்வளவு சூடு வராது."

அவள் எழுந்துபோய் பாத்திரத்தைப் பார்த்தாள். தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கொதிக்கிறது, ஆனால் சூடு பத்தவில்லை. அரைமணி நேரம் அந்த அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க இப்படின்னு எனக்குத் தெரியாது."

"எப்படி?"

"என்னை மாதிரி. வார்டுல என்னை எல்லாரும் 'ஏன்' சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. டாக்டர் ஒரு மருந்து எழுதினா ஏன்னு கேப்பேன்."

"என்னை மட்டும் இத்தனை வருஷமா சாப்பிட்டீங்களான்னுதானே கேட்டே?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் வாய் ஓயவில்லை. மெதுவாதான் பாவம், "பேச்சைக் குறைங்க, மூச்சு வேணும்" என்று கெஞ்சவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பாறை முதுகு. காலையிலிருந்தே மேகத்துக்குள் நடந்தார்கள். முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. ஜிப்பக்கா பாறைகளைத் தடவுவதை விடவில்லை, ஆனால் பத்து மணிக்குமேல் குனிந்து நிமிர்ந்தாலே தலை சுற்றியது. மெதுவா சொன்னபடி எட்டு அடி, ஒரு மூச்சு, எட்டு அடி, ஒரு மூச்சு என்று எண்ணிக்கொண்டே போனாள். நண்பகலில், இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து வந்தது. உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு படி. மெதுவா முதலில் ஏறி, அவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் வலது காலைப் படியில் வைத்து, கையை ஊன்றி, தலையைத் தூக்கினாள்.

மேகம் அங்கே முடிந்திருந்தது. எதிரே மலை நின்றது.

கடைத் தெருவில் சைக்கிள் கடையோரம் நின்றால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வெள்ளையாய் ஒரு நகக்கண் அளவுக்குத் தெரியுமே, அதுதான். இப்போது கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தும் கண்ணுக்குள் அடங்கவில்லை. பனியில் நீல நிறமாக மடிப்புகள். உச்சியிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஏதோ ஒருபக்கமாகப் பறந்தது. காற்று பனியை அள்ளிக்கொண்டு போகிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள். அந்த நேரத்தில், "இவ்வளவு பெருசா?" என்று சத்தமாகக் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பின்னால் வந்த நாத்தனாரும் "அம்மாடி" என்று நின்றுவிட்டாள்.

மேல்முகாமில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது நாத்தனார்தான் பார்த்தாள்.

"அண்ணி. உங்க கால்."

இடது கால்சட்டை. வெளிப்பக்கம். முழங்காலுக்கு நாலு விரல் கீழே, ஒரு விரல் நீளம், சாய்வாக.

ஜிப்பக்கா அந்தக் கிழிசலையே பார்த்தாள். மூன்று நாள் ஒரு கல் விடாமல் தடவிக்கொண்டு வந்தவள், தன் காலில் கிழிந்ததை உணரக்கூட இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. துணியை விலக்கிப் பார்த்தாள். தோலில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

நாத்தனார் அதைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "இந்த இடத்துல நான் கட்டு போட்டிருக்கேன் அண்ணி. நாலைஞ்சு பேருக்காவது. ஒருத்தருக்கு ஆறு தையல். எங்க பட்டுச்சுன்னு கேட்டா தெரியல சிஸ்டர்னாங்க."

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூடாரத்தைவிட்டு வெளியே தலையை நீட்டினார்கள். அந்தச் சந்து முக்கால் மணி நேரம் கீழே இருந்தது. ஆனால் மெதுவா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அந்தச் சந்தாத்தான் இருக்கணும், கல்லைப் பாக்காம நீங்க தலையைத் தூக்கினது அங்க மட்டும்தான். ஆனா இப்ப போகக்கூடாது. நாளைக்கு ஒருநாள்தான் வானம் நல்லா இருக்கும். இறங்கும்போது பாத்துக்கலாம். கல்லு எங்கயும் ஓடிடாது அக்கா."

மறுநாள் விடியுமுன் நாத்தனார் தன் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் எழுபத்தொன்று. கழற்றி, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி மாட்டினாள். எழுபது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

"நான் போகல" என்றாள்.

"அப்ப நானும் போகல."

"நீங்க போகணும். உங்களுக்கு எண்பத்திரண்டு, தலைவலி இல்ல. இந்த நம்பரோட வேற யாராவது வந்திருந்தா நானே தடுத்து உக்கார வெச்சிருப்பேன், எனக்கு மட்டும் தனிச் சட்டமா? மாத்திரை போட்டாச்சு, துணைக்குச் சமையல்காரர் இருக்கார். நீங்க வந்ததும் கீழ இறங்கிடலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்."

கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது ஜிப்பக்காவும் மெதுவாவும் கிளம்பினார்கள். இடுப்பில் கயிறு. பனி காலடியில் புது அட்டைப்பெட்டி மாதிரி மொறுமொறுவென்றது. எட்டு அடிக்கு ஒரு மூச்சு என்பது நாலு அடிக்கு ஒரு மூச்சாகி, கடைசியில் ஓர் அடிக்கு இரண்டு மூச்சானது. மூக்கு நுனி எங்கே என்று தெரியவில்லை. ஒருமுறை, இதோ உச்சி என்று நினைத்து ஏறி நின்றால், அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. அவள் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் எத்தனை இருக்கு, இந்த மாதிரி பொய் உச்சி?"

"ஒண்ணே ஒண்ணு."

"சத்தியமா?"

"ஒண்ணு, இல்லன்னா ரெண்டு."

இரண்டு இருந்தது. மூன்றாவதாக ஏறியதும் அதற்குமேல் ஏற எதுவும் இல்லை.

உச்சி அவள் கடை அளவுக்குத்தான் இருந்தது. நடுவில், ஓர் ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். காற்றில் பனி அடித்துப்போய், கல் வெறுமையாகத் தெரிந்தது. கைகூப்பவோ அழவோ அவளுக்குத் தோன்றவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுக்கின் வெயில்பக்கத்தில் ஏதோ துள்ளியது. குனிந்தாள். கறுப்பாக, மிளகு அளவில் ஒரு சிலந்தி.

"இது இங்க என்னத்தைத் தின்னும்?"

"காத்துல பூச்சி அடிச்சிட்டு வரும்" என்றார் மெதுவா. அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. "இதை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல அக்கா. எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவாங்க."

பிறகு அவள் விளிம்புவரை போய் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆழத்தில் ஒரு பள்ளத்தாக்கு, நூல் மாதிரி ஒரு ரோடு, வெயிலில் மின்னும் தகரக் கூரைகள்.

"அங்க ஒரு ஊர் இருக்கா?"

"பெரிய ஊர். அங்கிருந்தும் ஏறி வர்றாங்க. அவங்க இதை அவங்களோட மலைன்னுதான் சொல்லுவாங்க."

அவள் ரொம்ப நேரம் அந்தக் கூரைகளைப் பார்த்தாள். மெதுவா கயிற்றை இழுத்த பிறகுதான் திரும்பினாள்.

முகாமுக்கு இறங்கியபோது நாத்தனார் வெளியே பாயில் உட்கார்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "மூணு பேர் தெரிஞ்சீங்க! யாரு அண்ணி அந்த மூணாவது ஆள்? நான் கையசைச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் அங்கயும் இங்கயும் நடந்தீங்க. அவர் மட்டும்தான் நின்னு என்னையே பாத்தார்."

"அது கல்லு அடுக்கு."

"பத்து நிமிஷம் கையசைச்சேன்!"

சமையல்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சந்துக்கு வந்ததும் ஜிப்பக்கா முதுகுப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் மண்டியிட்டாள். ஏறும்போது இடதுபக்கம் வரும் பாறையில், கறுப்புக் கல்லுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கல்வரி ஓடியது. ஓர் இடத்தில் அது உடைந்து, கத்தி முனையாக நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் அடியிலிருந்த வெடிப்பில் நூல்கள் சிக்கியிருந்தன. சிவப்பு, நீலம், சாம்பல், கறுப்பு. சில வெயிலில் வெளுத்து நிறம் போயிருந்தன. மேலாக ஓர் அடர்பச்சை இழை, புதுசாக.

"இது நைலான். இது பருத்தி கலந்தது. இந்தச் சிவப்பு..." விரலால் பிரித்தாள். "இது நான் போட்ட நூல்."

மெதுவா குனிந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "பதினெட்டு வருஷமா இது வழியாத்தான் போறேன்."

"உங்களுக்கு மட்டும் ஏன் கிழியல?"

அவர் யோசித்தார். மூட்டையோடு நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாராம், கால் கல்லுக்கு எட்டாது. "ஏறினதும் திரும்பி நின்னுக்குவேன். மலையைப் பாக்க மாட்டேன். வர்றவங்க மூஞ்சியைத்தான் பாப்பேன். எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன், அந்த இடத்துல எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி ஆகும். நேத்து உங்க மூஞ்சியும்தான்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதனால யாரோட காலையும் பாக்கல அக்கா."

கூடார முளை அடிக்கும் சுத்தியல் அவர் பையில் இருந்தது. யாரும் கேட்காமலே அவரே எடுத்து நீட்டினார். ஜிப்பக்கா முதலில் நூல்களை எல்லாம் பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் மாறி மாறி அடித்தார்கள். லேசில் உடையவில்லை. அந்த உயரத்தில் நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் நாத்தனார் அடித்த அடியில் 'டங்' என்று முனை பெயர்ந்து விழுந்தது. மிச்சத்தை ஜிப்பக்கா ஒரு கல்லால் தேய்த்து மழுக்கினாள். தன் கால்சட்டையின் நல்ல பக்கத்தை அதில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை. மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

கல்வீட்டை நோக்கி இறங்கும்போது நாத்தனாருக்குத் தலைவலி விட்டிருந்தது. தொண்ணூறு என்று கருவியில் பார்த்துச் சொன்னாள். பிறகு அண்ணியின் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"சரி, ஆரம்பிங்க. ஒண்ணு விடாம."

ஜிப்பக்கா பொய் உச்சிகளில் ஆரம்பித்தாள். அடுக்குக் கல், சிலந்தி, காற்று, பனியின் சத்தம் என்று எல்லாம் சொன்னாள். நாத்தனார் விடவில்லை. சிலந்திக்கு எத்தனை கண்? முன்பக்கம் இரண்டு பெரிசாகத் தெரிந்தது. அது துள்ளியதா, ஓடியதா? துள்ளியது. வானம் என்ன நிறம்? கறுப்பு கலந்த நீலம். கல் சில்லென்று இருந்ததா, வெயிலில் சுட்டதா?

"தெரியலையே. கையுறை போட்டிருந்தேன்."

"கழட்டித் தொட்டுப் பாத்திருக்கலாம்ல அண்ணி?"

அவ்வளவு தூரம் போய்விட்டு அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்று ஜிப்பக்கா வழியிலேயே நின்றுவிட்டாள். முன்னால் போன மெதுவா திரும்பி, "அக்கா, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல, வர்றோம்." இரண்டு எட்டு வைத்தவள் நாத்தனாரின் தோளைத் தொட்டாள். "ஏம்மா, உன்கிட்ட இன்னொண்ணு சொல்லல. அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கு. அங்கிருந்தும் ஏறி வர்றாங்களாம்."

"அந்தப் பக்கமா?" நாத்தனாரின் கண் அகலமானது. "அந்த வழி எப்படி இருக்கும்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் ஜிப்பக்கா. பிறகு முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க, ஒண்ணு கேக்கணும்!"